சங்கரன்கோவிலில் சுட்ட ஆப்பிள் சோமாசி

1

அக்டோபரில் இந்த ஊரில் ஆப்பிளுக்கு மரியாதை கிடையாது. மலைச்சரிவுத் தோட்டங்களில் பறித்தது போக மிச்சமெல்லாம் உதிர்ந்து, கூடை கூடையாகத் தெருவோரத்தில் கிடக்கிறது. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அட்டையில் எழுதிச் சாய்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விடுகிறார்கள். காற்றெல்லாம் புளித்த வாசம். மில்லில் இருந்து திரும்பும் வழியில் நான் குனிந்து குனிந்து பொறுக்குகிறேன். தறி எண்ணெய் படிந்த சட்டையோடு அந்நியர் வாசலில் பழம் பொறுக்குகிற நடுவயதுக்காரனை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கவில்லையே என்று முதலில் நிம்மதியாக இருக்கும். கொஞ்சநாள் கழித்து, யாராவது ஒருவர் பார்க்கமாட்டாரா என்று நானே நிமிர்ந்து பார்ப்பேன்.

வீட்டில் என் மனைவி எஸ்தர் கத்தியோடு காத்திருப்பாள். இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். தோல் சீவி, விதை நீக்கி, வளையம் வளையமாக அரிந்து, நூலில் கோத்துச் சமையலறைக்குக் குறுக்கே கட்டுவாள். பத்து நாளில் அவை காது மடல்போலச் சுருங்கிவிடும். பிறகு ஒரு சனிக்கிழமை அவற்றைத் தண்ணீரில் வேகவைத்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு மசித்து, மைதா மாவை வட்டமாக இட்டு, நடுவில் ஒரு கரண்டி வைத்து, பாதிநிலாவாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, இரும்புச் சட்டியில் பொரித்தெடுப்பாள். அமெரிக்காவின் இந்தத் தெற்குப் பக்கத்துச் சனங்களின் பலகாரம் இது. அவளோடு வேலைபார்க்கும் டாரத்தி என்ற வயதான நர்ஸ் கற்றுக்கொடுத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எஸ்தர் குதித்த குதி எனக்கு நினைவிருக்கிறது.

"நம்ம சோமாசிங்க இது! கிறிஸ்மஸுக்குச் சுடுவோம்லா, அதேதான். உள்ள தேங்காப்பூவுக்குப் பதிலா ஆப்பிள வச்சுட்டாவ, அவ்வளவுதான்."

இன்று அந்தச் சனிக்கிழமை. இருபத்துநான்கு சுட்டாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மிச்சம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும். சுடும்போது சட்டி மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

எங்கள் மகள் பியூலா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். பதின்மூன்று வயது. அவள் இங்கே இல்லாமல் போனதற்கும் இந்தப் பலகாரத்துக்கும் நடுவே, நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாதம் கிடக்கிறது. எஸ்தருக்கு அதில் பாதிதான் தெரியும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களிடம் முழுசையும் சொல்லிவிடலாமென்று, கையில் மாவு காயாமலே உட்கார்ந்துவிட்டேன்.

2

எழுபத்தாறில் எஸ்தருக்கு இந்த வேலை கிடைத்தபோது பியூலாவுக்கு மூன்று வயது. நான் அடுத்த வருஷம் பின்னாலேயே வந்தேன். பியூலாவை சங்கரன்கோவிலில் என் அக்கா ஞானத்திடம் விட்டிருந்தோம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அத்தான் செல்லத்துரை விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி.

"ஒரு வருசந்தானலே? கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றாள் அக்கா.

ஓடவில்லை. பியூலாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பெயர் எழுதும் இடத்தில் வெறும் 'பெண் குழந்தை' என்று இருந்தது. பெயர் வைக்குமுன் பதிந்த சான்றிதழ். நாங்கள் கவனிக்கவே இல்லை. அதில் பெயரேற்றி முடிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டாள். சேர்க்கும்போது, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் குடையோடு நின்ற அத்தான் தன் பெயரைச் சொல்லிவிட்டார்.

'அப்பா அமெரிக்காவுலன்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாவ மாப்பிள. நான்தான நிக்கேன், என் பேரையே சொல்லிட்டேன்' என்று அத்தானே கடிதம் எழுதினார். கள்ளமில்லாத மனுஷர்.

ஆக, ஒரு காகிதத்தில் நான் தகப்பன், இன்னொன்றில் அத்தான். விசா அலுவலகத்தில் கேட்டது நியாயமான கேள்விதான்: இது யார் பிள்ளை? பிரமாணப் பத்திரம், தாசில்தார் கையெழுத்து, நாங்கள் மூவரும் சேர்ந்து நிற்கும் பழைய போட்டோ. ஒவ்வொரு காகிதமும் கடலைத் தாண்டிப் போய், திருப்தியில்லாமல் திரும்பி வந்தது. பிறந்தநாள்தோறும் அக்கா பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, அவள் உயரத்துக்கு ஒரு தறிநூலை அறுத்து மடித்துக் கடிதத்தில் வைப்பாள். எஸ்தர் அதன் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மிதித்துக்கொண்டு மறுநுனியைத் தன் உடம்பில் எதுவரை வருகிறதென்று பார்ப்பாள். இடுப்பு. இடுப்புக்கு மேலே நான்கு விரல். நெஞ்சு.

ஆறாவது வருஷம் விசா வந்தது. நான்கு மாதத்துக்குள் பிள்ளை இங்கே வந்து சேரவேண்டும், தவறினால் எல்லாம் மறுபடி முதலில் இருந்து. நான் மட்டும் புறப்பட்டேன். பிள்ளை வந்த பிறகு கூடவே இருக்கவேண்டுமென்று எஸ்தர் தன் விடுப்பையெல்லாம் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தாள்.

3

காய்ந்த ஆப்பிள் வளையங்களை ஒரு துணிப்பையில் கட்டி எஸ்தர் என் பெட்டிக்குள் வைத்தாள். கூடவே ஒரு தாளில் செய்முறை.

"ஒங்க கையால சுட்டுக் குடுங்க. அம்மா வீட்டுப் பலகாரம்னு சொல்லுங்க. ஒரு வாய் தின்னாப் போதும், மனசு வந்துரும்."

வேறு எதைக் காட்டிப் பிள்ளையைக் கூப்பிடுவது? எங்கள் முகம் அவளுக்கு மறந்துவிட்டது. நாங்கள் அனுப்பிய கவுன்கள் எல்லாம் போய்ச் சேர்வதற்குள் சின்னதாகிவிட்டன.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரம் போய் இறங்கினேன். பியூலா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒல்லியாக, எண்ணெய் வழியும் ரெட்டைச் சடையோடு, எஸ்தரின் நெற்றியும் என் காதுமாக நின்றாள். அக்காவை 'அம்மா' என்றாள், 'நீ' என்றாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நிற்பாள், நான் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள், பிறகு பேசுவாள். "நீங்க இப்பம் சாப்பிடுதீங்களா, பொறவா?" "அமெரிக்கா அம்மா சொகமா இருக்காங்களா?" அந்த மரியாதையில் ஒரு குறையும் சொல்லமுடியாது. அதுதான் குறை.

மறுநாள் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பில் ஒரு துண்டு மெத்தென்று இனித்தது.

"அக்கா, இது என்ன?"

"நீ கொண்டாந்த மாவத்தல்தாம்ல. துணிப்பையில இருந்துச்சே. அமெரிக்காவுலயும் மாங்காய அரிஞ்சு காயப்போட்டிருக்காளே எஸ்தரு, கெட்டிக்காரிதான்!"

"மிச்சம் எங்க?"

"அதுல உப்பே இல்ல. மோருல ஊறப்போட்டு மாடியில காயவச்சிருக்கேன்."

அத்தான் தட்டை வழித்தார். "புளிப்பு சித்த மட்டு. ஆனா சோறு நல்லா எறங்குது மாப்பிள."

பியூலா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். எஸ்தர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது: அவள் கோத்த ஆப்பிளை மகள் ருசித்துத் தின்றாள். என்ன தின்கிறோம் என்று தெரியாமல்.

அது ஆப்பிள் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், அக்கா மறுசோறு வைத்தபோது வாய் தவறி "தேங்க்ஸ்" என்றுவிட்டேன். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"தேங்க்ஸா? ஏலே, நான் என்ன இங்கன கிளப்புக்கடையா நடத்துதேன்?"

பியூலா சிரித்தாள். நான் போய் இறங்கியபின் அவள் சிரித்த முதல் சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்றாலும் எனக்கு அது போதும்போல இருந்தது. அதற்குப் பிறகு அக்காவைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

4

பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் ஆப்பிள்கள் மெல்லிய தாள் சுற்றி உயரத்தில் உட்கார்ந்திருந்தன.

"யாருக்கு அண்ணாச்சி மேலுக்கு முடியல?" என்றார் கடைக்காரர்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு கிலோ போடுங்க."

"ரெண்டு கிலோவா? அப்பம் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோயிட்டாவளா?"

"பலகாரம் சுடதுக்குங்க."

"சும்மா சொல்லுங்க அண்ணாச்சி, நான் என்ன ஊரெல்லாமா சொல்லப்போறேன்?"

எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் ஊரில் ஆசைக்கு ஆப்பிள் வாங்குகிறவர் கிடையாது. சீக்காளியைப் பார்க்கப் போகிறவர் வாங்குவார்; காய்ச்சலென்றால் இரண்டு, ஆபரேஷனென்றால் நான்கு. ரெண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவன் பின்னால் துக்கமே நடந்து வந்திருக்கவேண்டும். நான் செருப்பைக் கழற்றுமுன் எதிர்வீட்டு பாக்கியம் ஓர் இளநீரோடு வந்துவிட்டாள்.

"ஏட்டி ஞானம், குடம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே, அந்த இடுப்புதானா? முத்திட்டா?"

"ஒரு முத்தலும் இல்ல. என் தம்பி ஆப்பிள்ல சோமாசி சுடப்போறானாம்."

"ஆம்பளையா? ஆப்பிள்லயா?" பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பம் இவருக்குத்தான் மேலுக்கு முடியல."

இளநீரை அக்கா விடவில்லை. வாங்கிப் பியூலாவிடம் கொடுத்தாள்.

ஸ்டவ்வுக்குக் காற்றடித்து, எஸ்தரின் தாளை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். தண்ணீர் விட்டு வேகவை என்று எழுதியிருந்தாள். அது காய்ந்த ஆப்பிளுக்கு. பச்சைப் பழத்துக்கும் அதேபடி தண்ணீர் ஊற்றினேன். பட்டைத்தூள் விழுந்ததும் நிலைப்படியில் நின்ற பியூலா மூக்கைப் பிடித்தாள்.

"கறிக்கொழம்பு வாசம் அடிக்கு."

"இனிப்புல பட்டையப் போட்டா பின்ன எப்படி அடிக்கும்?" என்றாள் அக்கா. "எஸ்தரு மறந்துட்டாளா, நீ மறந்துட்டியால?"

முதல் சோமாசி எண்ணெயில் விழுந்து, உப்பி, வாய் பிளந்து, வெடித்தது. ஆப்பிள் சாறு எண்ணெயோடு சண்டைபோட்டு முகத்துக்குப் பாய்ந்தது. "தள்ளி நில்லுங்க!" என்று பியூலா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்.

ஸ்டவ்வை அணைத்தாள். பூரணக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "தண்ணியா கெடக்கு. சுண்டணும். சுண்டலைன்னா வெடிக்கத்தான் செய்யும்." எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டுக் கிண்ணத்தை ஏற்றி, ஓரம் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்டினாள். பிறகு நுனியில் பல்சக்கரம் வைத்த சோமாசிக் கரண்டியை எடுத்து ஓரத்தை வெட்டினாள்.

"முள்கரண்டியால அமுக்கணும்னு அம்மா எழுதியிருக்காங்கம்மா."

"அது வேண்டாம். இதுதான் பிரியாது."

ஒன்பது வயது. கட்டைவிரலை லேசாக உருட்டி அழுத்துகிற அந்தக் கைவாகு எனக்குத் தெரிந்த கைவாகுதான். அக்காவுடையது. அதில் எஸ்தரின் கை எங்கேயாவது தெரிகிறதா என்று தேடித்தேடிப் பார்த்தேன்.

பன்னிரண்டு தேறின. ஒன்றைப் பிட்டு, பாதியை, விருந்து வீட்டில் தின்கிற மாதிரி மெதுவாகத் தின்றாள். "நல்லாருக்கு" என்றாள். இன்னொன்று என்றேன். "போதும், வயிறு நெறஞ்சிட்டு."

"அமெரிக்காவுக்கு வருவியாம்மா?"

"வருவேன்." யோசிக்கவே இல்லை. "நீங்க கேட்டா வருவேன்னு சொல்லணும்னு அம்மா சொல்லிருக்கா."

பின்கட்டில் அக்கா சட்டி தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

5

எழுதிக்கொண்டிருந்தவன் எழுந்து சமையலறைக்குப் போய் வந்தேன். எஸ்தர் சுட்டதைத் தாளில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பியூலாவின் போன மாதக் கடிதம் ஒட்டியிருக்கிறது. 'அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, செ. பியூலா எழுதிக்கொள்வது.' பள்ளிக்கூடத்தில் பதிந்த செல்லத்துரையின் 'செ'. கணக்கில் முதல் மார்க். சைக்கிள் பழகிவிட்டாள். மழை இல்லை. எங்களைக் கேட்கவேண்டிய சுகமெல்லாம் வரிசையாகக் கேட்டிருக்கிறாள்.

விசா காலாவதியாகி நான்கு வருஷமாகிறது. எஸ்தர் புதிதாக விண்ணப்பம் வாங்கவில்லை. வாங்குவோமா என்று நானும் கேட்கவில்லை.

6

அந்த மாதம் முழுக்க வீடு ஒழுங்காக நடந்தது. காலையில் தலை பின்னும்போது பியூலா இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றை உருப்போடுவாள். ஐ ஆம் வெரி ஹேப்பி டு சீ யூ, மதர். டியூஷன் வாத்தியார் எழுதிக்கொடுத்தது. 'அம்மாவிடம் தமிழில் பேசலாமே' என்றேன். "அங்க இங்கிலீஷ்தான பேசணும்?" என்றாள். சீப்பை வைத்துக்கொண்டிருந்த அக்கா, "மதர்ல கொஞ்சம் அழுத்திச் சொல்லுட்டி" என்று திருத்தினாள்.

ஒருநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் அக்கா என்னிடம் சொன்னாள்: "நான் பெக்கலைன்னு எனக்குத் தெரியும்ல. கூட்டிட்டுப் போ. குறுக்க நிக்கமாட்டேன். ஸ்டேசனுக்கு மட்டும் என்னைய வரச்சொல்லாத."

புறப்படும் நாள் சாயங்காலம், குதிரைவண்டி வாசலில் நிற்க, அக்கா அடுப்பங்கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பியூலா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத் தகப்பனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம்.

பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தையே பார்த்தார். பியூலா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாளைக்குக் கொழாயில தண்ணி வார நாளு."

"சரிம்மா."

"அம்மா குடம் தூக்கக்கூடாது. மாமா விடியமுன்னமே தறிக்குப் போயிருவாங்க. நான்தான் பிடிப்பேன்."

"யாராச்சும் பிடிச்சுக் குடுப்பாங்கம்மா."

"யாரு?"

சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். பாக்கியத்தின் பேரைச் சொல்லலாம். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்று சொல்லலாம். ஆறு வருஷம் எத்தனையோ அதிகாரிகளுக்குப் பதில் எழுதியவன் நான். அந்த ஒரு 'யாரு'வுக்கு எந்தத் தாசில்தாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? கைகாட்டி இறங்கியது. தூரத்தில் புகை தெரிந்தது.

"இங்கயே இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

தலையை ஆட்டினாள். உடனே. "பெட்டிய வண்டிக்குக் கொண்டுபோயிரட்டுமா? குதிரைவண்டிக்காரரு இன்னும் போயிருக்கமாட்டாரு."

அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏ மாப்பிள, எஸ்தருக்கு என்ன சொல்லுவ?"

அதை நான் பெருந்தன்மையால் செய்ததாக அவர் இன்றுவரை நினைக்கிறார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு வரவும் முடியவில்லை. விட்டுவிட்டேன் என்று நிமிர்ந்து நிற்கவும் முடியவில்லை.

ரயில் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பியூலா கம்பியைப் பிடித்து எக்கி நின்றாள். அந்த மாதம் முழுக்க நான் பார்க்காத ஒரு முகம், காற்றுப் பட்ட மாதிரி, அப்போதுதான் திறந்தது.

"பத்திரமா போயிட்டு வாங்கப்பா."

அப்பா என்று அன்றைக்குத்தான் கூப்பிட்டாள்.

7

மெட்ராஸில் தந்தி அலுவலகத்தில் ஒரு படிவம் வாங்கினேன். 'பியூலா வரவில்லை' என்று எழுதினேன். கிழித்தேன். காரணத்தையும் சேர்த்து எழுதினேன். காரணம் தந்தியில் அடங்குவதாக இல்லை. மூன்றாவது படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இரண்டு கடல் நீளத்துக்கு, சொல்லவேண்டிய வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை காலி. அதற்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊர் விமான நிலையம் சின்னது. கதவைத் தாண்டினால் ஆட்கள் நிற்குமிடம். எஸ்தர் முன்வரிசையில் நின்றாள். பட்டுச்சேலை, கையில் சிவப்புக் கம்பளிக் கோட்டு, சின்னது, விலைச்சீட்டு இன்னும் கழுத்தில் தொங்கியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"பாத்ரூம் போயிருக்காளா? தனியாவா விட்டுட்டு வந்தீங்க, பாஷ தெரியாத பிள்ளைய?"

பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஒரு கிழவி. கிதார்ப் பெட்டியோடு ஒருவன். அவர்களுக்குப் பின்னால் யாருமில்லை. எஸ்தர் விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. அங்கிருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டுவதும், நிறுத்துவதும், தலையாட்டிச் சிரிப்பதும் தெரிந்தது. பியூலாவுக்கு வாங்கின சீட்டை நான் ரத்துச் செய்யவில்லை.

எஸ்தர் முகம் மலர்ந்து திரும்பி வந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, போட்டுவிடத் தோதாக விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு இருக்காம். சின்னப் பிள்ளைகள ஏர்ஹோஸ்டஸ் கடைசியாத்தான் கூட்டிட்டு வருவாளாம். பொறுக்கச் சொல்லுதா."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் நின்று, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.